84 தேதித்தாள்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

கோடு போட்ட தாளில், ஓரத்தில் டீக்கறையோடு வந்த உங்கள் கடிதம் கிடைத்தது. பேரையும் கடை இருக்கும் இடத்தையும் போட வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள். போடவில்லை. கோவில்பட்டியில், பஸ் வந்து நிற்கிற ஓர் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை என்று மட்டும் மற்ற வாசகர்களுக்குச் சொல்லிக்கொள்கிறேன். ஊரில் அப்படி எத்தனையோ இருக்கின்றன.

உங்கள் கடை வாசலில் இரண்டு வருஷமாக ஒரு பெரியவர் படுத்துக்கொள்கிறார். விடியற்காலையில் தண்ணீர்க் குடத்தை எடுத்து வைப்பார், பெஞ்சைத் துடைப்பார், நீங்கள் டீயும் வடையும் கொடுப்பீர்கள். போன மாதம் யாரோ நடத்திய முகாமில் அவர் விரலில் குத்திப் பார்த்து, ‘ஹெபடைடிஸ் சி - பாசிட்டிவ்’ என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். சீட்டை அவர் உங்களிடம் தந்து வைத்திருக்கிறார். அதைப் பார்த்த ஒரு வாடிக்கையாளர், “காமாலைக் கேசு குடிச்ச கிளாஸ்ல எங்களுக்கு ஊத்தாதீங்க” என்று சத்தம் போட்டார். அன்றிலிருந்து பெரியவருக்குத் தனியாக ஒரு பிளாஸ்டிக் கப். நீங்கள் செய்தது சரியா, சத்தம் போட்டவரை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அந்த கப்பைத் தூக்கி எறியுங்கள். மற்றவர்களுக்கு ஊற்றுகிற கண்ணாடி கிளாஸிலேயே அவருக்கும் ஊற்றுங்கள். இந்த நோய் டீ கிளாஸில் தொற்றாது. எச்சிலில், இருமலில், ஒரே தட்டில் சாப்பிடுவதில், பக்கத்தில் படுப்பதில் தொற்றாது. ஒருவர் ரத்தம் இன்னொருவர் ரத்தத்தில் கலந்தால்தான் தொற்றும். நம் பக்கத்து டீக்கடைகளில் தனிக் கிளாஸ் என்றால் அதற்கு என்ன பொருள் இருந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நோயின் பேரைச் சொல்லி அது திரும்பி வர வேண்டாம்.

நான் டாக்டர் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஊசி குத்துவதும், கோடு விழுகிறதா என்று பார்ப்பதும், ரிப்போர்ட் எழுதுவதும்தான் என் தொழில். அதனால் அந்தத் துண்டுச் சீட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

காமாலை என்று நாம் பொதுவாகச் சொல்வது நோயின் பேரில்லை, ஒரு நிறம். கண் மஞ்சளாவதற்குப் பல காரணம் உண்டு. ஏ, இ என்ற இரண்டு வைரஸ் கெட்ட தண்ணீரிலும் சாப்பாட்டிலும் வரும். பெரும்பாலும் சில வாரங்களில் தானாகப் போகும். சீவலப்பேரிக் குடிநீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்று கணக்குப் பார்த்து, குடத்திலும் டிரம்மிலும் பிடித்து வைக்கிற ஊர்க்காரர்களுக்கு அந்த வகை பழக்கமானது. பி, சி என்ற இரண்டும் ரத்த வழி. அதிலும் சி பெரிய ஊமை. தொற்றிய பலருக்குக் கண் மஞ்சளாவதே கிடையாது. பத்து வருஷம், இருபது வருஷம் ஒரு சத்தமும் இல்லாமல் ஈரலுக்குள் உட்கார்ந்திருக்கும். அசதி இருக்கும், வெயிலில் கிடக்கிற ஆளுக்கு அசதி இருப்பதை யார் கவனிக்கப் போகிறார்கள்? அப்படித் தங்கிவிட்டால், இருபது வருஷத்துக்குள் 100 பேரில் 15 முதல் 30 பேருக்கு ஈரல் வடுப்பட்டு இறுகிவிடும். வயிறு வீங்கி ரத்தம் கக்கும்போதுதான், ‘குடிச்சே கெட்டான்’ என்று ஊர் சொல்லும். அவர்களில் குடிக்கவே குடிக்காதவர்களும் உண்டு.

உங்கள் அடுத்த கேள்விக்கும் வந்துவிடுகிறேன்: கீழாநெல்லி கொடுக்கலாமா? 1988-ல் சென்னையைச் சேர்ந்த எஸ்.பி. தியாகராஜனும் உடனிருந்தவர்களும் கீழாநெல்லியை வைத்து ஓர் ஆய்வு செய்து, லண்டனிலிருந்து வரும் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். அதில் பங்கெடுத்தவர்களில் ஒருவர் பரூக் பிளம்பெர்க். ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து 1976-ல் நோபல் வாங்கியவர். அவர் பிறந்தநாளான ஜூலை 28-ஐத்தான் உலக ஹெபடைடிஸ் நாளாக வைத்திருக்கிறார்கள். ஆக, நம் வரப்போரத்துச் செடி பட்டது சாதாரண ஆட்களின் கண்ணில் இல்லை. ஆனால் அந்த ஆய்வு பி வைரஸுக்கு. பிறகு மற்றவர்கள் செய்து பார்த்தபோது அதே பலன் கிடைக்கவில்லை. சி-க்கு அது மருந்தே இல்லை. பெரியவர் ஆசைப்பட்டுக் கேட்டால் மோரில் கலந்து ஒருநாள் கொடுப்பதில் நான் சண்டைக்கு வரமாட்டேன். அதை மருந்து என்று நம்பி நாள் கடத்தினால் வருவேன்.

எப்படி வந்திருக்கும் என்று அவரைத் துருவாதீர்கள். அவருக்கே தெரியாமல் வந்திருக்க எத்தனையோ வழி உண்டு. நம் சின்ன வயதில் ஊருக்கு ஒரு கம்பவுண்டர் இருப்பார். எவர்சில்வர் டப்பாவில் கண்ணாடி சிரிஞ்ச் போட்டு ஸ்டவ்வில் கொதிக்க வைப்பார். கூட்டம் கூடினால் கொதிப்பதற்கு எங்கே நேரம்? ஒரே ஊசி, பத்துக் கை. நாமும் ‘ஊசி போட்டாத்தான் கேக்கும்’ என்று கையை நீட்டிக்கொண்டு நின்றோம். 2000-களின் தொடக்கத்தில் நாடு முழுக்க எடுத்த கணக்கிலேயே, போடப்படும் ஊசிகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பாதுகாப்பில்லாதவை என்று வந்தது. எகிப்தில் இது அரசாங்கத்தின் கையாலேயே நடந்தது. நத்தை வழியாகப் பரவும் ஒரு புழு நோயை ஒழிக்க, 1950-களிலிருந்து கிராமம் கிராமமாகப் போய் லட்சக்கணக்கானோருக்கு ஊசி போட்டார்கள். புழுவுக்குப் போட்ட ஊசி ஹெபடைடிஸ் சி-யை விதைத்துவிட்டது. அந்தக் கதையின் மிச்சத்தைப் பிறகு சொல்கிறேன்.

ரத்தம் ஏற்றியதிலும் வந்திருக்கலாம். இந்த வைரஸ் எது என்று தெரிந்ததே 1989-ல்தான். அதுவரை ‘ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை’ என்பதுதான் அதன் பேர். நம் ரத்த வங்கிகளில் சி-க்குக் கட்டாயச் சோதனை 2001-ல்தான் வந்தது. அதற்கு முன்பு ஆபரேஷனுக்கோ விபத்துக்கோ ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் எல்லோருமே ஒருமுறை சோதித்துக்கொள்வது நல்லது. உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அந்தக் காலத்தில் ரத்தம் விற்பதும் ஒரு பிழைப்பாக இருந்தது. பெரிய ஆஸ்பத்திரிகளின் வாசலில் படுத்துக் கிடந்து, கூப்பிட்டால் போய்க் கொடுத்துவிட்டு, அந்தக் காசில் சாப்பிட்டவர்கள் இருந்தார்கள். ‘காமன் காஸ்’ என்ற அமைப்பு போட்ட வழக்கில் 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு, 1998 ஜனவரி 1 முதல் காசுக்கு ரத்தம் கொடுப்பது நின்றது.

மிச்ச வழிகள் நம் கண் முன்னால் இருப்பவை. மரத்தடிச் சவரத்தில் மாற்றாத பிளேடு. திருவிழாக் கூட்டத்தில் பேட்டரி மெஷினை வைத்துக்கொண்டு, ஒரே ஊசியில் ஒரே மைக்கிண்ணத்தில் தொட்டுத் தொட்டு நூறு பேருக்குப் பச்சை குத்துவது. அறநிலையத் துறைக் கோயில்களில் மொட்டைக்கு 2021-லிருந்து கட்டணம் கிடையாது. பிளேடு புதுசா என்று எட்டிப் பார்ப்பதற்கு எப்போதுமே கட்டணம் கிடையாது. அப்புறம், இப்போது வாலிபப் பையன்கள் வலி மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொள்கிறார்களே, அது. மூன்று பேர் ஒரு சிரிஞ்ச். ஊசி வழியாகப் போதை ஏற்றிக்கொள்கிற 14,000-க்கும் மேற்பட்டவர்களை நாட்டின் 15 நகரங்களில் சோதித்து 2015-ல் ஒரு ஆய்வு வந்தது. மூன்றில் ஒருவருக்கு மேல் இந்தத் தொற்று இருந்தது. தனக்கு இருக்கிறது என்று தெரிந்தவர்கள் மிகச் சிலர். உங்கள் பெரியவரை அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம், பஸ் ஸ்டாண்டுப் பின்பக்கம் ஒதுங்குகிற பையன்களை நினைத்துச் சொன்னேன்.

இப்போது சீட்டு. முகாமில் அவருக்குச் செய்தது விரைவுச் சோதனை. விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைச் சின்ன பிளாஸ்டிக் பட்டையின் குழியில் விட்டு, இரண்டு சொட்டுக் கரைசல் ஊற்றிவிட்டு இருபது நிமிஷம் போலக் காத்திருப்போம். பட்டையில் ‘சி’ என்றும் ‘டி’ என்றும் இரண்டு ஆங்கில எழுத்து இருக்கும். ‘சி’ பக்கத்தில் விழுகிற கோடு பட்டை ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம், எல்லோருக்கும் விழும். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, “ஐயோ, எனக்கு ‘சி’ வந்திருச்சே” என்று எழுந்து ஓடியதைப் பார்த்திருக்கிறேன். ‘டி’ பக்கத்திலும் கோடு விழுந்தால்தான் பாசிட்டிவ்.

அதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. இந்தச் சோதனை வைரஸைப் பார்ப்பதில்லை. வைரஸை எதிர்த்து உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருளைப் பார்க்கிறது. கரிசக்காட்டில் ஐப்பசி ஈரத்தில் ஒரு வண்டி போனால், சக்கரத்தடம் கோடையிலும் கல்லாக இறுகிக் கிடக்கும். தடம் இருக்கிறது என்பதால் வண்டி அங்கேயே நிற்கிறது என்று ஆகாது. சி தொற்றிய 100 பேரில் 30 பேர் போல மருந்தே இல்லாமல் ஆறு மாதத்துக்குள் அதை வென்றுவிடுகிறார்கள். அவர்களுக்கும் பட்டையில் கோடு விழும், ஆயுசுக்கும் விழும். வண்டி நிற்கிறதா என்று பார்ப்பது இரண்டாவது சோதனை. கையில் ரத்தம் எடுத்து, அதில் வைரஸின் மரபுப்பொருள் இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்று எண்ணுவார்கள். கொரோனா நேரத்தில் எல்லோர் வாயிலும் புரண்ட பிசிஆர் வகைதான். வைரல் லோடு என்று கேட்டால் ஆஸ்பத்திரியில் புரிந்துகொள்வார்கள். அந்தச் சோதனை வரும்வரை உங்கள் பெரியவருக்கு நோய் இருக்கிறது என்று நானோ நீங்களோ வாடிக்கையாளரோ சொல்ல முடியாது.

இந்த முதல் சோதனைக்கும் இரண்டாவது சோதனைக்கும் நடுவில்தான் ஆள் காணாமல் போகிறார். நானே ஒருவரைத் தொலைத்திருக்கிறேன்.

சில வருஷத்துக்கு முன்னால் ஒரு முகாம். சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிற வேலை பார்த்தவர் ஒருவர் வந்தார். வேலை இருக்கும் இடத்தில் படுக்கை, இல்லாத நாளில் ஸ்டேஷன் பக்கம். விரல் நுனியெல்லாம் காய்த்துக் கறுத்துப்போய் குத்தும் ஊசி இறங்கவில்லை. மூன்றாவது விரலில், நகத்தோரத்தில் குத்திப் பிதுக்கித்தான் ஒரு சொட்டு வந்தது. ‘டி’ கோடு பளிச்சென்று விழுந்தது. முகவரி கேட்டேன். சிரித்தார். ‘நிலையான முகவரி இல்லை’ என்று எழுதினேன். போன் நம்பர் கட்டத்தில் ஒரு கோடு போட்டேன். புதன்கிழமை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள், இந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

மூன்று நான்கு மாதம் கழித்து ரயில்வே ஸ்டேஷன் வாசலில் அவரே என்னை அடையாளம் கண்டு நிறுத்தினார். மடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்துப் பிரித்தார். அதற்குள் இன்னொரு பை. அதற்குள் மடிப்புக் கலையாமல் என் சீட்டு. “பத்திரமா வச்சுக்கோங்கன்னு சொன்னீகள்லம்மா, வச்சிருக்கேன்” என்றார். ஆஸ்பத்திரிக்குப் போனீர்களா என்று கேட்டேன். எந்த வாசலில் நுழைவது, யாரைக் கேட்பது என்று தெரியவில்லை, ஒருநாள் போய் நின்றுவிட்டு வந்துவிட்டேன் என்றார். நாளைக்குக் காலையில் இங்கேயே நில்லுங்கள், நானே கூட்டிப் போகிறேன் என்றேன். மறுநாள் அவர் இல்லை. ராமநாதபுரம் பக்கம் மரம் வெட்டுக்கு லாரியில் ஆள் ஏற்றிப் போனதாக ஸ்டேஷன் வாசலில் இருந்த ஒருவர் சொன்னார். அதோடு சரி. அன்றைக்கு முகாமிலேயே கையில் ஊசி ஏற்றி ஐந்து மில்லி எடுத்து வைத்திருந்தால், ரத்தம் பஸ் ஏறிப் போயிருக்கும். அவர் போக வேண்டியிருந்திருக்காது. நான் எடுக்கவில்லை. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை என்பது ஒரு சாக்கு.

மருந்து விஷயத்தில் நம்மூர் ஆட்களுக்கு அடித்த அதிர்ஷ்டத்தைக் கேளுங்கள். முன்பெல்லாம் இதற்கு இன்டர்பெரான் ஊசி. ஒரு வருஷம் வரை குத்திக்கொள்ள வேண்டும், காய்ச்சலும் மனச்சோர்வும் ஆளை உருக்கும், அப்படியும் பாதிப் பேருக்குத்தான் கேட்கும். 2013 டிசம்பரில் அமெரிக்காவில் சோபோஸ்புவிர் என்ற மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. விலை ஒரு மாத்திரைக்கு 1,000 டாலர். 12 வாரத்துக்கு 84 மாத்திரை, 84,000 டாலர். தயாரிக்க ஆகும் செலவை லிவர்பூல் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் கணக்குப் போட்டார்கள்: 12 வாரத்துக்கும் சேர்த்தே 68 முதல் 136 டாலர்தான் ஆகும் என்றார்கள். அடுத்த வருஷமே இந்தியக் கம்பெனிகள் அந்த மாத்திரையைச் செய்ய உரிமம் பெற்றன. விலை சரசரவென்று இறங்கியது. 2018 ஜூலை 28 அன்று, பிளம்பெர்க் பிறந்தநாளில், தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. அதில் சோதனையும் இலவசம், மருந்தும் இலவசம். சோபோஸ்புவிரோடு டக்லடாஸ்விர் சேர்த்து, தினம் ஒரு வேளை, 12 வாரம். 100 பேரில் 95 பேருக்கு மேல் முற்றிலும் குணம். சர்க்கரை, பிரஷர் மாதிரி ஆயுசுக்கும் மாத்திரை இல்லை, முடிந்தால் முடிந்ததுதான்.

ஆக மருந்து இருக்கிறது, காசும் வேண்டாம். உங்கள் பெரியவரிடம் இல்லாதது அந்த மருந்தை வைக்க ஓர் இடம். வாசலில் படுக்கிறவர் தலைமாட்டில் 28 மாத்திரை கொண்ட புட்டி எத்தனை ராத்திரிக்கு இருக்கும்? மழை வரும், பை திருட்டுப் போகும், நடுராத்திரியில் எழுப்பி விரட்டுவார்கள். நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்டிலிருந்து ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்று சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வாசலுக்கே மாத்திரை வருகிறது. நல்ல திட்டம், என் அக்காள் அதில்தான் வாங்குகிறாள். ஆனால் வாசல் என்று ஒன்று இருந்தால்தானே தேடி வருவார்கள்! 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பிப்ரவரி 28 ராத்திரி மட்டும் ஒதுக்கி, தெருவில் படுத்திருந்தவர்களை எண்ணினார்கள். நாடு முழுக்க 17.7 லட்சம் பேர். அன்று ராத்திரி உங்கள் கடை பெஞ்சில் யார் படுத்திருந்தார்களோ, அவரை எண்ணினார்களோ இல்லையோ. நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு தங்குமிடம் வேண்டும் என்று 2010-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் கோவில்பட்டி 95 ஆயிரம். லட்சத்துக்கு ஐயாயிரம் குறைகிற ஊருக்கு என்ன கணக்கு என்பதை நகராட்சியில் கேளுங்கள், உங்களுக்கு அங்கே ஆள் பழக்கம் உண்டு என்று எழுதியிருக்கிறீர்களே.

வீடு இல்லாதவர்கள் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடமாட்டார்கள், பாதியில் விட்டுவிடுவார்கள் என்று டாக்டர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில், வீடற்றவர்களுக்கென்றே 1985-லிருந்து மருத்துவம் பார்க்கிற ஓர் அமைப்பு இருக்கிறது. அங்கே தங்குமிடங்களிலும் தெருவிலும் இருந்தவர்களுக்கு இந்தப் புது மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். மிகப் பெரும்பாலோர் குணமானார்கள், வீட்டில் மெத்தையில் படுக்கிறவர்களுக்குக் கிடைப்பது போன்ற பலன். அங்கே செய்ததில் பெரிய வித்தை எதுவும் இல்லை. மாத்திரையை வைத்துக் கொடுக்க ஓர் இடம், முகம் பார்த்து ‘சாப்பிட்டியா’ என்று கேட்க ஓர் ஆள்.

எகிப்தின் மிச்சக் கதையும் அப்படித்தான். 2018-லும் 2019-லும் ஏறக்குறைய ஐந்து கோடிப் பேரைச் சோதித்தார்கள். ஆஸ்பத்திரிக்கு வரட்டும் என்று உட்கார்ந்திருக்காமல், மசூதி வாசலுக்கும் ரயில் நிலையத்துக்கும் மக்கள் கூடுகிற மற்ற இடங்களுக்கும் போனார்கள். பாசிட்டிவ் ஆனவர்களைச் சிகிச்சை மையத்தில் சேர்த்து மருந்தில் உட்கார வைத்தார்கள். எல்லாம் சேர்த்து 40 லட்சம் பேருக்கு மேல் சிகிச்சை கொடுத்திருக்கிறார்கள். உலகத்திலேயே இந்த நோய் மிக அதிகமாக இருந்த நாடுகளில் ஒன்றுக்கு, 2023-ல் உலக சுகாதார நிறுவனம் தங்கத் தரச் சான்று கொடுத்தது.

அண்ணாச்சி, விடிகாலை நான்கு மணிக்குத் திறந்து ராத்திரி வரை திறந்திருக்கிற இடம் ஊரில் எது? அந்தப் பெரியவர் எந்த நாளும் தவறாமல் வந்து நிற்கிற இடம் எது? அதனால் வேலை உங்களுக்குத்தான் வருகிறது.

வேலை நாளில் காலையில் அவரை உங்கள் கடைப் பையனோடு அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள். தனியாக அனுப்பாதீர்கள், வாசலில் நின்றுவிட்டு வந்துவிடுவார். துண்டுச் சீட்டைக் காட்டி வைரல் லோடு கேட்கச் சொல்லுங்கள். இங்கேயே ரத்தம் எடுத்து அனுப்ப முடியுமா, இல்லை திருநெல்வேலியோ தூத்துக்குடியோ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளட்டும். இரண்டுமே அறுபது கிலோமீட்டர் போலத்தான், ஒருநாள் வேலை. போன் நம்பர் கட்டத்தில் உங்கள் கடை நம்பரைக் கொடுங்கள். வைரஸ் இருக்கிறது என்று வந்தால் பி-யும் எச்.ஐ.வி-யும் சோதிப்பார்கள், அது அவமானப்படுத்த இல்லை, பி உள்ளே இருந்தால் இந்த மாத்திரை சாப்பிடும்போது அது தலை தூக்கும் என்பதால். காசநோய் மாத்திரை சாப்பிடுகிறாரா, வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறாரா என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் பையன் சொல்ல வேண்டும். ரிபாம்பிசினும் சில வலிப்பு மருந்துகளும் இந்த மாத்திரையின் பலத்தைத் தின்றுவிடும். எப்போதாவது குடிப்பார் என்று எழுதியிருந்தீர்கள். அதையும் ஒளிக்க வேண்டாம். குடியைக் காரணம் காட்டி இந்த மருந்தை மறுக்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் எங்கும் சொல்லவில்லை. குறைத்தால் ஈரலுக்கு நல்லது, அவ்வளவுதான்.

புட்டி வந்ததும் அதை வெயில் படாத மூலையில், கல்லாப்பெட்டிக்குக் கீழே வையுங்கள். பாய்லருக்குப் பக்கத்தில் வேண்டாம். நம்மூர் அக்னி நட்சத்திரமே அதற்குப் போதும். உங்கள் கடையில் தினசரிக் காலண்டர் தொங்கும்தானே, முதல் நாள் தாளில் 1 என்று எழுதுங்கள். தினம் முதல் டீயோடு ஒரு வேளை மாத்திரை. வெறும் வயிறோ வடை தின்ற வயிறோ, இதற்கு ஒன்றும் இல்லை. விழுங்கிய பிறகு அவரையே அந்தத் தாளைக் கிழிக்கச் சொல்லுங்கள். காலையில் மறந்தால் அன்றைக்கே ஞாபகம் வரும்போது கொடுங்கள். மறுநாள் இரண்டாகச் சேர்த்துக் கொடுக்காதீர்கள். 84 தாள். ஈரல் ஏற்கெனவே இறுகியிருந்தால் மருந்துச் சேர்க்கை மாறும், சிலருக்கு 24 வாரம் ஆகும். முடிந்து 12 வாரம் கழித்து இன்னொரு வைரல் லோடு பார்ப்பார்கள். அதில் இல்லை என்றால் இல்லை. ஆனால் திரும்பத் தொற்றினால் திரும்ப வரும், இதற்குத் தடுப்பூசி கிடையாது. அதனால் அவருக்கென்று ஒரு சவர செட்டு வாங்கிக் கொடுங்கள். தனியாக வைக்க வேண்டியது அதைத்தான், கிளாஸை இல்லை.

சத்தம் போட்ட வாடிக்கையாளரிடம் வாக்குவாதம் வேண்டாம். பரம்பரை வாடிக்கையாக இருக்கும். ‘அண்ணே, நீங்க ரத்தம் ஏத்தியிருக்கீங்களா, 2001-க்கு முன்னாடியா?’ என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

ஒன்று கேட்க விட்டுப்போயிற்று. நான்கு பக்கக் கடிதத்தில் அவர் பேர் எங்கேயும் இல்லை. ஓ.பி. சீட்டில் முதலில் அதைத்தான் கேட்பார்கள். டீ கொடுக்கும்போது கேட்டு வையுங்கள். வயசும் வேண்டும், ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று ஸ்கேன் இல்லாமலே கண்டுபிடிக்க ஒரு கணக்கு இருக்கிறது, ரத்தத் தட்டணுவும் ஈரல் நொதிகளும் வைத்துப் போடுவது, அதில் வயசும் ஓர் எண். உத்தேசமாகப் போட்டால் கணக்கு தப்பும். தெரியாது என்பார். தனுஷ்கோடிப் புயல் அடித்த வருஷம் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாரா, இடுப்பில் இருந்தாரா என்று கேளுங்கள். அது 1964 டிசம்பர். அங்கிருந்து எண்ணிக்கொள்ளலாம்.

அன்புடன்,
உங்கள் பக்கத்து ஊர்க்காரி